முந்தானையில் குறைந்த ஒரு முழம்

தம்பி,

சுகமா, சாப்பிட்டாயா என்று கேட்டுத் தொடங்கும் பொறுமை இன்று எனக்கு இல்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து நான் நானாக இல்லை. இன்று காலையில் ஒரு ரவிக்கைக்கு இடது கையை வலது பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டேன். தையல் பழகிய நாளில்கூட நான் செய்யாத தப்பு அது. பிரித்துப் போட்டு, மெஷினை மூடிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த மாதம் மணவறையில் உட்காரப் போகிற பிள்ளைக்குத் தாய் எழுதும் கடிதம் வாழ்த்தோடுதான் ஆரம்பிக்க வேண்டும். வாழ்த்து பின்னால் வரும், வராமலும் போகலாம். முதலில் நான் கேட்பதற்குப் பதில் சொல். என் கூறைப்புடவையின் முந்தானையை வெட்டி எடுத்து, உன் பி.எம்.எக்ஸ் சைக்கிளின் எந்தச் சங்கிலியைத் துடைத்தாய்?

நடந்ததைச் சொல்கிறேன். நேற்று உனக்கு நிச்சயித்த பெண்ணும் அவள் அம்மாவும் அக்கரையில் செபராங் ஜெயாவிலிருந்து கிளம்பி, ஃபெரி ஏறி வந்திருந்தார்கள். புடவை விஷயமாகத்தான். கூறைப்புடவை நாம்தானே எடுத்துக் கொடுக்க வேண்டும், நடந்து போகிற தூரத்தில் இத்தனை கடை இருக்கிறது, பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும் என்று நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அந்தப் பெண்தான் ஒரே பிடியாக, "கடையில இருக்கிறது யாருக்கு வேணும் அத்தே? உங்க கூறப்பொடவையக் குடுங்க, அதையே கட்டிக்கிறேன்" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்த கைக்கு, என் புடவையைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஒரு மருமகள் வருகிறாளே என்று பெருமை. பெட்டியைத் திறந்தேன். அந்தப் புடவையை வருடா வருடம் தீபாவளிக்கு முன்னால் மடித்த மடிப்போடு வெயிலில் காட்டி வைப்பேனே தவிர, விரித்துப் பார்த்துப் பல காலம் ஆகிறது. பழைய சரிகை, மடிப்பில் விட்டுவிடுமோ என்று பயம். நேற்றுதான் துணி வெட்டும் மேசையில் போட்டு ஒவ்வொரு மடிப்பாக விரித்தேன். உடல் நன்றாக இருந்தது, கரை நன்றாக இருந்தது. முந்தானையின் கடைசி மடிப்பை விரித்தால், அங்கே முந்தானை பாதியோடு நிற்கிறது. நுனியில் ஒரு முழம் இல்லை. கிழிந்ததும் இல்லை, பூச்சி அரித்ததும் இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கத்தரிக்கோல் போயிருக்கிறது.

அந்தப் பெண், வெட்டுப்பட்டிருந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "அத்தே, இது முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சா?" என்று மெல்லக் கேட்டாள். அவள் அம்மா புடவையைத் தொடவேயில்லை. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "கூறப்பொடவையில கத்தரி பட்டிருக்கே சம்பந்தி. இத எப்படிங்க மணவறையில கட்டுறது?" என்றார். வேறு எடுத்துக்கொள்ளலாம் என்று நான் திக்கித் திணறிச் சொன்னேன். "பொடவ வேற எடுக்கலாம் லா. நான் அதச் சொல்லல. இது கண்ணுல பட்டுருச்சே" என்றார். போட்ட காப்பியை இருவரும் குடிக்கவில்லை. படியிறங்கும்போது அந்த அம்மா திரும்பி, "தேதிய எதுக்கும் இன்னொரு தடவ ஐயருகிட்ட கேட்டுட்டுப் போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தேதியைக் கேட்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ அங்கே பெர்த் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு, விமானச் சீட்டை எடுத்துப் பார்த்து நாளை எண்ணிக்கொண்டிருப்பாய். இங்கே உன் கல்யாணமே ஒரு முழத் துணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

நான் ஏன் உன்னைக் கேட்கிறேன் என்று கோபப்படாதே. இந்த வீட்டில் என் கத்தரிக்கோலைக் கேட்காமல் எடுத்த கை ஒன்றுதான். நீ பரீட்சையில் தேறியதற்காக அப்பா வாங்கி வந்த சைக்கிளை நினைத்துப் பார். சிவப்பு நிறம். மணி, மட்கார்டு, சங்கிலிக்கு மூடி, நிறுத்த ஸ்டாண்டு எல்லாம் குறைவில்லாமல் இருந்தது. நான் இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஹேண்டில்பாரில் விபூதி பூசி, குங்குமம் வைத்து, ஒரு கறுப்புக் கயிறும் கட்டினேன். துறைமுக ஆபீஸில் கிராணியாகக் கணக்கெழுதிக்கொண்டிருந்த உன் அப்பாவுக்குக் கோவிலுக்கு வந்து கும்பிடத் தெரியும், இந்த மாதிரிச் சடங்கெல்லாம் ஆகாது. "இது சைக்கிளு. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போற தேரு இல்ல" என்று சொல்லி, பழத்தை எடுத்து மாடியிலிருந்து கால்வாயில் எறிந்தார். கயிற்றையும் அறுத்தார். நான் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்த கொஞ்ச நேரத்தில் முன்னறைக்கு வந்து பார்க்கிறேன், தரையில் பழைய பேப்பர் விரித்து, அந்தப் புத்தம் புதுச் சைக்கிளை மொத்தமாகக் கழற்றிப் போட்டிருக்கிறாய். மட்கார்டு ஒரு பக்கம், மணி ஒரு பக்கம், ஸ்டாண்டு ஒரு பக்கம். "ஏன்டா, ஒடஞ்சு போச்சா?" என்று கேட்டால், நீ நிமிர்ந்து பார்த்து, "இல்லம்மா, இதெல்லாம் வேஸ்ட்டு வெயிட்டு" என்றாய். ஓட்டாத சைக்கிளைக் கழற்றியவன் உலகத்தில் நீ ஒருவன்தான் என்று நான் அன்று பக்கத்து வீடு கேட்கக் கத்தினேன்.

அது ஆரம்பம்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. பள்ளி விடுமுறையெல்லாம் சூலியா ஸ்திரீட் சைக்கிள் கடையில் போய்த் தரை கூட்டினாய், டயருக்கு ஒட்டுப் போட்டாய். கடை முதலாளித் தவுக்கே கூலி கொடுத்தால் வாங்கமாட்டாய், பாகமாகக் கொடுங்கள் என்பாய். முதலில் உயரமான ஹேண்டில்பார் ஒன்று வந்தது, நடுவே ஒரு குறுக்குக் கம்பியோடு. பிறகு கம்பிகளே இல்லாத, ஐந்து பட்டை வைத்த மஞ்சள் பிளாஸ்டிக் சக்கரங்கள் வந்தன. பிளாஸ்டிக்கில் சக்கரமா, மனிதன் ஏறினால் நொறுங்கிவிடாதா என்று நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் குறோமோலி என்று ஏதோ ஒரு எஃகின் பெயர் உன் வாயில் ஏறியது. சாப்பிடும்போது குறோமோலி, குளிக்கும்போது குறோமோலி. முன்சக்கரம் தாங்கும் ஃபோர்க் மாறியது, பெடல் தாங்கும் கிராங்க் மாறியது, பிரேக் பிடி மாறியது. கடைசியில் சிவப்புச் சட்டகமும் போய், வெள்ளிபோல் மின்னும் ஒன்று வந்து நின்றது. அப்பா ஒரு நாள் அதைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "நான் வாங்கிக் குடுத்த சைக்கிளு எங்க?" என்று கேட்டார். நீ சங்கிலியைக் காட்டி, "இது மட்டும் இன்னும் மாத்தலப்பா" என்றாய். இனிமேல் இந்தச் சைக்கிளில் நான் விரல்கூட வைக்கமாட்டேன் என்று அவர் சொன்னார். சொன்னபடியே செய்தார்.

இதற்கெல்லாம் என் தையல் மேசைதான் உன் பட்டறை. மெஷின் எண்ணெய் சக்கரத்துக்குப் போயிற்று. என் முகப்பவுடர் டயருக்குள் போடும் டியூபுக்குப் போயிற்று. சட்டகத்தில் கோடு போட என் சாக்குக்கட்டி. பழைய டியூபை வெட்டி வெட்டி என் நல்ல கத்தரிக்கோல் முனை மழுங்கிப் போனது. ஒரு முறை ஒரு வாடிக்கைக்காரம்மா கொடுத்திருந்த லைனிங் துணியில் கிரீஸைத் துடைத்து வைத்திருந்தாய். அந்த அம்மாவிடம் நான் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும். இப்போது சொல், அந்தப் புடவையில் வெட்டுப்பட்டதைப் பார்த்தவுடன் நான் வேறு யாரை நினைப்பேன்?

எனக்கு உன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. நீ விழுந்த நாளை நான் மறக்கவில்லை. திடலில் பலகையைச் சாய்த்து வைத்துத் தாவப் போய், நெஞ்சு ஹேண்டில்பாரின் குறுக்குக் கம்பியில் மோதி, மூச்சு நின்று, தாடை பிளந்து கிடந்தாய். ஆபீஸ் விட்டு ஃபெரி இறங்கி நடந்து வந்துகொண்டிருந்த அப்பாதான் கூட்டத்தைப் பார்த்து உள்ளே போயிருக்கிறார். ஒரு திரிஷா வண்டியில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் செய்தி கேட்டு ஓடியபோது வெள்ளைச் சட்டை முழுக்க உன் ரத்தத்தோடு வாசலில் நின்றிருந்தார். தாடையில் தையல் போட்டுக்கொண்டு நீ வீட்டுக்கு வந்த சில நாளில் சைக்கிளுக்குப் புதிதாக, மெத்தை மாதிரி மூன்று பேட் வந்திருந்தன. குறுக்குக் கம்பிக்கு ஒன்று, அதற்குக் கீழே கழுத்துப் பகுதிக்கு ஒன்று, சட்டகத்தின் மேல் குழாய்க்கு ஒன்று. கறுப்பு ரெக்ஸின் உறை, உள்ளே ஸ்பாஞ்சு. தவுக்கே கொடுத்தார் என்றாய். தையலைப் பார்த்து நான் சிரித்தேன். கோணி ஊசியால் மூட்டை தைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் அந்தப் பேட் வந்ததில் எனக்கு நிம்மதி. அடுத்த வருடம் பாடாங் மைதானத்தில் நடந்த போட்டியில், எல்லோரும் பார்க்க அதே மாதிரி நெஞ்சை மோதிக்கொண்டு விழுந்தாய். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் நீ எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடி ஏறிப் போகிறாய். நான் கைதட்டிய தட்டில் வளையல் உடைந்தது.

அப்படிப்பட்ட பிள்ளையைக் கேட்கிறேன். உனக்குத் துடைக்கத் துணி வேண்டுமென்றால் இந்த வீட்டில் துணிக்கா பஞ்சம்? மேசைக்கு அடியில் ஒரு மூட்டை வெட்டுத்துணி எப்போதும் கிடக்குமே. பெட்டியைத் திறந்து, அடியில் கை விட்டு, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வெட்ட உனக்கு எப்படி மனம் வந்தது? நாளை உன் வீட்டுக்கு ஒரு பெண் வருகிறாள். அவளிடமும் ஒரு பெட்டி இருக்கும். அதில் எது வெறும் துணி, எது துணியில்லை என்று அவளைக் கேட்டுத் தெரிந்துகொள். புது இடத்துக்குப் போன மறுநாளே எல்லாவற்றையும் கழற்றிப் பேப்பரில் பரப்பாதே. உனக்குத் தேவையில்லாத வெயிட்டாகத் தெரிவது அவளுக்கு மணியாக இருக்கலாம், மட்கார்டாக இருக்கலாம். இதுதான் நான் சொல்லும் புத்தி. பதிலை உடனே எழுது. கடிதத்தின் கடைசியில் வழக்கம்போல அப்பா இரண்டு வரி எழுதட்டும் என்று அவரிடம் கொடுக்கப் போகிறேன். "நலம், உடம்பைப் பார்த்துக்கொள்" என்பதைத் தவிர அவர் என்ன எழுதிவிடப் போகிறார்.

---

தம்பி, இது அதே நாள் சாயங்காலம். மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன், மனம் வரவில்லை. உன்னை என்ன பேச்சுப் பேசினேன் என்று உனக்கும் தெரியட்டும். எனக்கும் அது அங்கேயே இருக்கட்டும்.

கடிதத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போனேன். இரண்டு வரி எழுத இவ்வளவு நேரமா என்று எட்டிப் பார்த்தால், பேனாவின் மூடியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"இத அனுப்பாத" என்றார். 

"ஏன், பெத்தவ புள்ளைய ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" என்று நான் எகிறினேன்.

"அவன் வெட்டல."

"அவன் வெட்டலன்னா? எலி வந்து கோடு போட்டு வெட்டுச்சா?"

"நாந்தான் வெட்டுனேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே சிரித்தேன். பிள்ளையைக் காப்பாற்றப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்தேன். ஒரு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைக்க விடாத மனிதர், புடவைப் பெட்டி எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தெரியாத மனிதர். அவர் எழுந்து போய், தன் அலமாரிக்கு மேலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். திறந்தால், முதன்முதலாக நீ கழற்றிப் போட்ட மணி, ஸ்டாண்டு, மட்கார்டின் திருகாணிகள். எல்லாவற்றையும் துடைத்து வைத்திருக்கிறார். அவற்றுக்கு அடியில் இரண்டு கறுப்புப் பேட். சட்டகத்தில் இருந்த நீளமானது ஒன்று, கழுத்தில் இருந்த சின்னது ஒன்று. நீ பெர்த்துக்குக் கிளம்பும் முன் சைக்கிளைச் சந்துக் கோடி வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தாயே, அப்போது உன் அப்பா முந்திக்கொண்டு பேட்களை மட்டும் கழற்றிக்கொண்டார். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு இதில் என்ன கஞ்சத்தனம் என்று நான் முணுமுணுத்தது நினைவிருக்கிறது.

"பிரிச்சுப் பாரு" என்றார். என் பிளேடை எடுத்து அந்தக் கோணித் தையலை ஒவ்வொன்றாக அறுத்தேன். ரெக்ஸின் காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே ஸ்பாஞ்சு மஞ்சளாகிப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இரண்டிலும் ஸ்பாஞ்சுக்கு உள்ளே, கம்பியை ஒட்டி இருந்திருக்க வேண்டிய இடத்தில், நாலாக மடித்து வைத்த என் அரக்குச் சிவப்பு முந்தானைப் பட்டு. வெளிச்சம் படாததால் நிறம் கொஞ்சமும் போகவில்லை. சரிகையில் ஒரு இழை விடவில்லை. அதைக் கையில் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தேன். நேற்று புடவையைப் பார்த்தபோது வந்ததைவிட இது பெரிய அதிர்ச்சி. புடவை வெட்டுப்பட்டதைக்கூட நம்ப முடிந்தது, வெட்டியது யார் என்பதை நம்ப முடியவில்லை.

"எங்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன். 

"எலுமிச்சம்பழத்தத் தூக்கி எறிஞ்சவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது?" என்றார்.

"எத்தனயோ துணி இருக்க, இதையா எடுக்கணும்?"

அவர் மணியை எடுத்துக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "அன்னிக்கு வண்டியில அவன் என் மடியில கெடந்தான். மூச்சு வருதா வரலயான்னு தெரியல. சாமியக் கும்பிடலாம்னு பாத்தா, ஒரு பேரும் வாயில வரல. ஒன் பொடவதான் கண்ணு முன்னால வந்துச்சு. எனக்கு அப்பா அம்மா கெடையாது, கூடப் பொறந்தவங்க கெடையாது. கல்யாணத்தன்னிக்கி மணவறையில தனியா ஒக்காந்திருந்தேன், கையெல்லாம் நடுக்கம். நீ அதக் கட்டிக்கிட்டு வந்து பக்கத்துல ஒக்காந்த. அப்பத்தான் நடுக்கம் நின்னுச்சு. எனக்குத் தெரிஞ்ச காவலு அது ஒண்ணுதான்." தம்பி, இத்தனை வருடத்தில் இந்த மனிதர் என்னிடம் இவ்வளவு வார்த்தைகளைச் சேர்த்துப் பேசியதில்லை. நான் அழுதேன் என்பதை மறைக்கவில்லை. கோபத்தில் பாதி, மீதி எதனால் என்று எனக்கே தெரியவில்லை.

உனக்கும் இது தெரியாது என்று சொன்னார். பேட் தைத்தது அப்பா என்பது மட்டும் உனக்குத் தெரியும், விரல் வைக்கமாட்டேன் என்று சொன்னவர் என்பதால் அம்மாவிடம் சொல்லாதே என்று உன் வாயைக் கட்டியிருக்கிறார். அப்படியென்றால் தவுக்கே கொடுத்தார் என்று நீ என்னிடம் சொன்ன பொய்யும் அவருடைய பொய்தான். துறைமுகத்துக் கிடங்கில் யாரிடமோ கோணி ஊசி வாங்கி, நான் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும் நேரமாகப் பார்த்துத் தைத்திருக்கிறார். ஊருக்கே தைத்துக் கொடுக்கிறவளின் வீட்டில், அவளுக்குத் தெரியாமல் ஒருவர் தைத்திருக்கிறார். வெட்டிய புடவையை எப்படி இருந்ததோ அப்படியே மடித்து, முந்தானையை உள்பக்கமாக வைத்து, அதே வெள்ளைத் துணியில் சுற்றி வைத்த சாமர்த்தியத்தையும் என்னவென்று சொல்ல. பாடாங்கில் நீ விழுந்து எழுந்தபோது நான் வளையல் உடையக் கைதட்டினேனே, பக்கத்தில் நின்ற இவர் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். பிள்ளை விழுந்ததில் ஒரு பதற்றமும் இல்லையே, என்ன கல் மனது என்று அன்று நினைத்தேன்.

அப்போதுதான் எண்ணிப் பார்த்துக் கேட்டேன், "மூணு பேட்டுல, மூணாவது எங்க?" என்று. அவர் தரையைப் பார்த்தார். நெஞ்சு மோதும் இடத்தில் இருந்ததே, குறுக்குக் கம்பியின் பேட், அதுதான் இல்லை. "அவன்கிட்டதான் இருக்கு" என்றார். உன் பழுப்புப் பயணப் பெட்டியை எடுத்துப் பார். நீ முதன்முதலாகக் கிளம்பியபோது அதன் கைப்பிடி இரும்பு விளிம்பு கையை அறுக்கிறது என்றாய் அல்லவா? நான் மெஷினில் உறை தைத்துத் தருகிறேன் என்றேன். அப்பா விடவில்லை. நானே செய்கிறேன் என்று பின்கட்டில் உட்கார்ந்து கறுப்பாக எதையோ சுற்றித் தைத்துக் கொண்டுவந்தார். இதுவும் கோணித் தையலா என்று நீயும் நானும் சேர்ந்து கேலி செய்தோம். இத்தனை வருடம் போகும்போதும் வரும்போதும் நீ பிடித்துக்கொண்டு நடந்தது என் முந்தானையைத்தான். எனக்கே இன்று பிற்பகல்தான் தெரியும்.

அழுது முடித்து முகம் கழுவி, செபராங் ஜெயாவுக்குப் போன் போட்டேன். அந்தப் பெண்தான் எடுத்தாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். "மாமாவா அத்தே? நம்ம மாமாவா?" என்றாள். அவளுக்கும் நம்ப முடியவில்லை. அவர் அவளிடம் இதுவரை பேசியது "வாம்மா", "சாப்பிடும்மா" இரண்டுதானே. வெட்டு தெரியாமல் இழை கோத்துச் சேர்த்துவிடுகிறேன், எனக்கு அந்த வேலை தெரியும் என்றேன். "வேணாம் அத்தே, மறைக்காதீங்க. தையல் தெரியட்டும். ஃபோட்டோவுலயும் விழட்டும்" என்றாள். அதற்குள் அவள் அம்மா போனை வாங்கிக்கொண்டார். அந்த அம்மா புடவையைப் பற்றிக் கேட்கவில்லை. "பையன் ரெண்டாவது வாட்டி விழுந்தப்ப, அந்தத் துணி அதுல இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது என்றேன். "ஒண்ணும் ஆகலையா?" ஒன்றும் ஆகவில்லை, எழுந்து ஓட்டிக்கொண்டு போனான் என்றேன். "அப்பச் சரி. ஐயருகிட்ட ஒண்ணும் கேக்கல. அதே தேதியில வச்சுக்கலாம்" என்றார். நான் போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

ஆகவே உன்னைத் திட்டியதெல்லாம் வாபஸ். லைனிங் துணிக்கும் கத்தரிக்கோலுக்கும் மட்டும் திட்டு அப்படியே நிற்கிறது. சொன்ன புத்தியும் அப்படியே நிற்கிறது, ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள். நான் இந்த மனிதரோடு ஒரு வீட்டில் இத்தனை காலம் இருந்தும், பயம் வந்தால் அவருக்கு எது கண்முன் வரும் என்று தெரியாமலே இருந்திருக்கிறேன். அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ அப்படி இருக்காதே. உன் அப்பாவைப்போல் அவளிடம் பிரியம் வை. ஆனால் அவரைப்போல் அதை ரெக்ஸினுக்குள் வைத்துத் தைத்துவிடாதே. வாயைத் திறந்து சொல். அவள் சிரித்தாலும் பரவாயில்லை, சொல். இதுதான் என் வாழ்த்தும்.

இப்போது வேலைக்கு வா. இந்தக் கடிதம் கிடைத்தவுடன் அந்தக் கைப்பிடியைப் பிளேடால் கவனமாகப் பிரி. துணியில் பிளேடு படக் கூடாது. உள்ளே இருக்கும் பட்டை எடுத்து, ஸ்பாஞ்சுத் தூளை உதறி, வெள்ளைத் துணியில் மடித்து, உடனே ஏர்மெயிலில் அனுப்பிவிடு. இரண்டு துண்டை இன்றே புடவையில் வைத்துப் பார்த்துவிட்டேன், வெட்டிய ஓரம் இம்மி பிசகாமல் சேருகிறது. நடுவில் ஒரு துண்டுக்கு மட்டும் இடம் காலியாக இருக்கிறது. அது வந்துவிட்டால் நான் நிதானமாக, பதறாமல் தைத்து வைப்பேன். அப்பா பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். கொடுக்கிறேன்.

அம்மா.

தம்பி, நலம். அம்மா எழுதியதில் கடைசியாகச் சொன்னதை மட்டும் கேட்காதே. கைப்பிடியை அங்கே பிரிக்க வேண்டாம், தபாலிலும் போட வேண்டாம். ஒரு துண்டைத் தைக்க அம்மாவுக்கு ஒரு மத்தியானம் போதும். நீ விமானம் இறங்கி, நம் வீட்டு மாடிப்படி ஏறி, எங்கள் முன்னால் வந்து நிற்கும்வரை அது உன் கையில் இருக்கட்டும்.

அப்பா.